சேமித்து வைத்த வரலாறு

செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தை.

பழைய மாணவிகள் சங்கத்தின் இணையத்தளத்துக்காக நான் மூன்று மாதம் இருந்து எழுதிய பாடசாலை வரலாறு இன்று காலை காணாமற் போயிற்று. செயலாளர் நிர்மலா அதே பக்கத்தில், அதன் மேலேயே சனிக்கிழமை விருந்தின் அறிவித்தலை ஒட்டி வெளியிட்டுவிட்டாள். தொலைபேசியில் ஒரே அழுகை.

"அன்ரி, எல்லாம் போயிட்டுது. தளம் செய்த ஆள் அடுத்த கிழமைதான் வருவாராம்."

"முதல்ல அழுகையை நிப்பாட்டும். எனக்கு வெளியிடுற அனுமதியைத் தாரும்."

இதுவரை எனக்கு எழுத மட்டுமே அனுமதி. என் ஒவ்வொரு வரியும் அவள் சம்மதத்துக்குக் காத்துக் கிடந்தது. இன்று இரண்டே நிமிடத்தில் தந்தாள்.

பந்திக்குப் பந்தி நான் 'சேமி' அழுத்துவதைப் பார்த்து, "அன்ரி செபமாலை உருட்டுறா" என்று கூட்டத்தில் சிரித்தவளும் இவள்தான். சேமித்த ஒவ்வொரு தடவையும் தளம் ஒரு பிரதியைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. நேற்று மாலைப் பிரதியைத் திறந்து 'மீட்டெடு' அழுத்தினேன். ஒரு சொல் குறையாமல் வந்தது.

என் கணவர் உயிரோடு இருந்திருந்தால் அவரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

அறிவித்தலுக்குத் தனிப் பக்கம் திறந்தேன். விருந்து எத்தனை மணிக்கு என்று அவள் எழுதவேயில்லை. எனக்குத் தெரிந்த நேரத்தை நானே சேர்த்து வெளியிட்டேன். யாருடைய சம்மதத்தையும் கேட்கவில்லை.