மூன்றாவது மாடிக் கேமரா

கோவை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள இஸ்மத் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் நம்பரை நீ பிளாக் செய்து இரண்டு வருடமாகிறது. அதனால்தான் கடிதம். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார். நான் அதே காந்திபுரம் கேமரா கடையில்தான். டிப்ளமோ முடித்துவிட்டு ஏணி ஏறி ஒயர் இழுக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை திருப்பூரில் ஒரு அபார்ட்மெண்டில் கேமரா மாட்டினேன். முடிக்கும் நேரத்தில் சங்கச் செயலாளர் லட்சுமணசாமி தனியாகக் கூப்பிட்டு, மூன்றாவது மாடிப் படிக்கட்டுக் கேமராவை ஒரு வீட்டு வாசலுக்கு நேராகத் திருப்பச் சொன்னார். யார் வீடு என்றேன். "இஸ்மத்துன்னு, காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கற அம்மணிங்க" என்றார். நீ அங்கே குடியிருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தப்பா எடுத்துக்காதீங்க பாய். தாடி, தொப்பின்னு நீங்க இன்னாருன்னு பார்த்தாலே தெரியுது. உங்களை நம்பலாமுங்க. அந்த அம்மணி முக்காடும் போடறதில்லை, பொங்கலுக்குக் கோலப் போட்டியில பிரைஸ் வேற வாங்கிப்போட்டாங்க. இத்தனை ஒட்டிப் பழகறவங்க உள்ளுக்குள்ள என்ன வெச்சிருக்காங்கன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? அதுலயும் கெமிஸ்ட்ரி வேறங்க!"

இரண்டு வருடம் முன்பு அம்மாவை நீ தர்காவுக்குக் கூட்டிப்போன அன்று, அது மார்க்கத்துக்கு விரோதம், நீ பேருக்குத்தான் முஸ்லிம் என்று கத்தினேன். இவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். நீ என் அக்கா என்று நான் சொல்லவில்லை. ஏறித் திருப்பினேன். "கரெக்டா விழுதுங்களா பாய்?" என்றார். விழுகிறது என்றேன்.

கீழே மானிட்டரில் டெஸ்ட் செய்யும்போது நீ வெளியே வந்தாய். மெலிந்திருக்கிறாய். கேமராவைப் பார்த்து நின்றாய். பிறகு வாசலில் கிடந்த செருப்புகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாய். அதில் ஒரு ஜோடி மிகச் சின்னது. குழந்தை நடக்கிறதா? யாரும் எனக்குச் சொல்லவில்லையே.

தர்கா விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. முக்காடு விஷயத்திலும்தான். நேரில் சண்டை போடலாம். ஆனால் அதற்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டியது அல்லாஹ்வுக்கு. எனக்கோ லட்சுமணசாமிக்கோ இல்லை. இந்தக் கடைசி இரண்டு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வருகிறேன். நீ என் அக்கா என்று முதலில் அவரிடம் சொல்வேன். அதற்குப் பிறகு என்னையும் நம்ப மாட்டார். கடையில் புகார் போகும், போகட்டும். கேமராவைப் படிக்கட்டுப் பக்கமே திருப்பிவிட்டுத்தான் இறங்குவேன்.

மச்சானுக்கு சலாம் சொல். உன்னையும் குழந்தையையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.

ஏணியை உன் வாசலில்தான் போட வேண்டும். அந்த டைல்ஸ் வழுக்குகிறது, கீழே பிடித்துக்கொள்ள எனக்கு ஆள் இல்லை. கதவைத் திறந்து வந்து பிடித்துக்கொள், அக்கா.

உன் தம்பி,
முகமது ரியாஸ்