ஒன்பதரைப் பேரும் எட்டாம் நம்பரும்

மார்ச் 24, திங்கள்

மூடுபனி. பத்து மணிக்குத்தான் எதிர் மலை தெரிந்தது. முட்டிக்குத் தைலம். மனைவி மேரி விடியவே தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். மூடி வைத்திருந்தது: ரொட்டி இரண்டு, கட்டச்சம்பல். தவக்காலம், கருவாடு கிடையாது.

கொழும்பு கிளப்பிலிருந்து திரும்பி இன்றோடு இரண்டு மாதம். பதினோரு வருஷம் அவர்கள் கால்பந்து டீமில் நடுக்களத்தில் ஆடினேன். அனுப்பும்போது பெரியவர் ஒருவரும் வெளியே வரவில்லை. சாமான் அறைக்காரர் என் பூட்ஸை ஒரு கடைப் பையில் போட்டு நீட்டினார். "முட்டியப் பாத்துக்கங்க தம்பி." அவ்வளவுதான் பிரியாவிடை.

எனக்கு முப்பத்து மூன்று. நிறுத்த வேண்டிய வயதுதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் எந்த நாள் என்று நான் சொல்ல வேண்டும். கடைப் பை சொல்லக் கூடாது.

ஏப்ரல் 6, ஞாயிறு, ஹட்டனில் தோட்டங்களுக்கிடையே சித்திரைக் கோப்பை ஃபைனல். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எங்கள் தோட்டம் ஃபைனலுக்கு வந்திருக்கிறது. அதில் எட்டாம் நம்பர் போட்டு ஆட வேண்டும். அதோடு நிறுத்துவதா வேண்டாமா என்று அப்புறம் பார்க்கலாம்.

சாயங்காலம் சந்திரனைப் பார்க்கப் போனேன். டீமுக்குச் செயலாளர், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். நாற்காலி போட்டான், தேத்தண்ணி கொடுத்தான், பிறகு வெட்டினான்.

"ரூல் தெரியுந்தானே? செக்ரோல்ல பேரு இருக்கிறவந்தான் தோட்டத்துக்கு ஆடலாம். லிஸ்ட் குடுக்கிறதுக்கு முன்னாடி பத்துப் பேரு விழுந்திருக்கணும்."

தோட்டத்து வேலைப் பதிவேட்டில் ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு பேர். கொழுந்து பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் அரைப் பேர். தெரியும். அம்மா வாழ்நாள் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருந்தாள்.

"நான் இந்த லயத்து வரிசை வீட்டுல பொறந்தவன்டா. மூணாவது காம்பரா."

"பொறந்தது சரி. பேரு எங்க?"

வேல்ஸ்காரன் கதையைச் சொன்னேன். நான் பதினான்கு வருஷமாகப் போனில் பின்தொடரும் ஆட்டக்காரன். என் வயது, என் இடம், என் நம்பர். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கிலாந்தில். அம்மாவின் அப்பா வேல்ஸில் பிறந்தவர், அது ஒன்றை வைத்து அந்த நாட்டுக்கே ஆடினான். தாத்தா பிறந்த இடத்துக்கு அவன் ஆடலாம், நான் பிறந்த இடத்துக்கு நான் ஆடக் கூடாதா?

சந்திரன் யோசிக்கவே இல்லை. "அது நாடுப்பா. இது தோட்டம்."

மேரியிடம் சொன்னேன். பிலாப்பழம் கீழே விழுந்ததுபோல் சிரித்தாள். "அதுக்கென்ன, நாளைக்குக் காலையில பேரு குடுக்கிற பெரட்டுக்கு வாங்க. நாளையிலேர்ந்து அடுத்த வார வெள்ளி, லிஸ்ட் குடுக்கிற நாள் வரைக்கும் எண்ணுனா சரியா பத்து நாளு."

எண்ணினேன். ஞாயிறு நீக்கிச் சரியாகப் பத்து. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

மார்ச் 25, செவ்வாய்

பெரட்டு ஆறரை. குளிர். மாரிமுத்து கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கவ்வாத்து இப்ப இல்ல. புல்லு வெட்டுறதும் முடிஞ்சிருச்சு. கொழுந்துதான் இருக்கு. எடுப்பியா?"

நாற்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து ஆம்பிளை கொழுந்து மலையில் நிற்பது தராசு பிடிக்க அல்லது அதட்ட.

"எடுப்பேங்க."

ராஜேஸ்வரி அக்கா, மேரியின் பக்கத்து நிரைக்காரி: "வாங்க அந்தோணி அக்கா!" மலை முழுக்கச் சிரிப்பு. இனி இந்தப் பெயர்தான்.

விரல் எரிகிறது. முதுகு சொல்ல வேண்டாம். பதினெட்டரைக் கிலோ. முழுப் பேர். 1.

மார்ச் 26, புதன்

பத்தொன்பது கிலோ. 2.

மேரியின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் ஒவ்வொரு மொட்டாய்த் தேடிக் கிள்ளுகிறேன், அவள் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. "கிள்ளுற கொழுந்தப் பாக்காதீங்க. அடுத்து எங்க போகணும்னு பாருங்க. கை தானா செய்யும்."

இதையே என் கோச் சொல்லித் தர மூன்று வருஷம் எடுத்தார். பந்து வருமுன் தலையைத் திருப்பு, பார், பிறகு வாங்கு. இவள் பதினாறு வயதிலிருந்து செய்கிறாள், ஒருவரும் கை தட்டவில்லை.

மார்ச் 27, வியாழன்

மழை. அட்டை. இடது கணுக்காலில் நான்கு, வலதில் ஆறு.

சாயங்காலத் தராசு: பதினைந்து. மூன்று கிலோ குறைவு. மேரி சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து தன் சாக்கிலிருந்து அள்ளி என் சாக்கில் போடப் போனாள். எல்லோரும் செய்வதுதான், கங்காணியும் அந்த நேரம் வானத்தைப் பார்ப்பார். நான் சாக்கை இழுத்துக்கொண்டேன்.

"என் பேருக்கு உன் கொழுந்து வேணாம்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். நாற்பது பேரும் கேட்டார்கள்.

அரைப் பேர். மொத்தம் 2½.

இரவு மேரி சோறு போட்டாள். சோற்றுச் சட்டியை வைத்த சத்தம்தான் பேசியது.

மார்ச் 28, வெள்ளி

பதினெட்டு. 3½. கோயிலில் சிலுவைப்பாதைக்கு மேரி முன் வாங்கில் உட்கார்ந்தாள், நான் பின் வாங்கில்.

மார்ச் 29, சனி

இருபது! 4½.

கோயிலடியில் தண்ணீர் பிடிக்கும்போது மேரி வாயைத் திறந்தாள். இரண்டு நாள் சேர்த்து வைத்தது.

"பதினோரு பேரு ஆடுற ஆட்டம், பாஸ் இல்லன்னா பந்தே இல்லன்னு எனக்கு எத்தன தரம் சொல்லியிருப்பீங்க? அங்க எவன் குடுத்தாலும் வாங்குவீங்க. நான் குடுத்தா மட்டும் வாங்க மாட்டீங்களோ?"

வாளி நிரம்பி வழிந்தது. நானே தூக்கி வந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

பூசை. பிறகு தூக்கம். பிறகு வெறுமே உட்கார்ந்து, வேல்ஸ்காரனுக்கும் (இனி வே.கா.) எனக்கும் ஒரு பட்டியல்.

வே.கா.: பதினாறு வயதில் பெரிய கிளப் எடுத்தது. நான்: பதினாறில் ஹட்டன் பஜாரில் சிமெந்து மூட்டை, மாலையில் ஆட்டம்.

வே.கா.: இருபதுக்குள் நான்கு கிளப்புக்கு இரவல் போனான். நான்: ஒரே வருஷத்தில் மூன்று தோட்டத்துக்கு இரவல். வேறொருவன் பெயரில். (அப்போது ரூல் எங்கே போனது சந்திரா?)

வே.கா.: உச்சி லீக்கில் இரண்டு சீசன். நாட்டுச் சட்டை. நான்: கொழும்பு. பகலில் துணிக்கடை, நான்கு மணிக்குப் பயிற்சி. தேசிய அணித் தேர்வுக்கு ஒரு தரம் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் பெயர் இல்லை.

வே.கா.: முட்டி ஆபரேஷன், ஒன்பது மாதம், திரும்பி வந்தான். நான்: முட்டி, தைலம், திரும்பி வந்தேன்.

இப்போது அவன் வேல்ஸிலேயே ஒரு சின்ன கிளப்பில். மைதானப் படம் பார்த்தேன். பின்னால் மலை, மூடுபனி, ஓயாத தூறல். எங்கள் பொகவந்தலாவை என்று சொன்னால் யாரும் நம்புவார்கள், ஆடுகளை மட்டும் மறைத்துவிட்டால்.

அவனுக்கு நான் ஒருவன் இருப்பதே தெரியாது. பரவாயில்லை. மேரியின் கொழுந்தைக் குடிக்கிறவர்களுக்கும்தான் மேரியைத் தெரியாது.

மார்ச் 31, திங்கள்

5½.

ஏப்ரல் 1, செவ்வாய்

6½. ராஜேஸ்வரி அக்காவின் முட்டாள்தின வேடிக்கை: "அந்தோணி அக்கா, ஃபைனல ரத்து பண்ணிட்டாங்களாம்!" சாக்கையே கீழே போட்டுவிட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்கே இருமல் வந்துவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

மறுபடி மழை. தராசுக்கு முன் தூக்கிப் பார்த்தேன். கைக்கு இப்போது எடை தெரிகிறது: பதினேழு. ஒரு கிலோ குறைவு.

மேரி நான்கு பேருக்கு அப்பால் நின்றாள். பார்த்தாள். வரவில்லை. வேறெங்கோ பார்த்தாள்.

நடந்து போனேன். சாக்கை அகலமாக விரித்துப் பிடித்தேன்.

"ஒரு கிலோ குடு."

"என்ன? கேக்கல."

"ஒரு கிலோ கொழுந்து குடு மேரின்னேன்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா. அன்னைக்குச் சத்தமாத்தானே சொன்னீங்க."

கத்தினேன். மலை அதிர்ந்தது. இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டாள். கங்காணி வானத்தைப் பார்த்தார். 7½.

வெட்கமாக இருந்ததா? இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

8½. போன் சார்ஜ் இல்லை, கடையில் போட்டு வாங்கினேன். செய்தி: வே.கா.வை அந்தச் சின்ன கிளப்பும் அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்ளாதாம். ஐந்து பெயர் கொண்ட பட்டியல், அவன் நான்காவது. நன்றி என்று கீழே ஒரு வரி.

அரை மணி நேரம் கோபம். அவனுக்காகவா எனக்காகவா, பிரிக்கத் தெரியவில்லை. பிறகு லயத்துக்குப் பின்னால் போய்ச் சுவரில் பந்தடித்தேன். இடது கால் நூறு, வலது கால் நூறு. ஏழாம் காம்பராக்காரர் திட்டும் வரை.

ஏப்ரல் 4, வெள்ளி

இருபத்தொன்று. இதுவரை அதிகம்.

மாலை, குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா முன்னால் லிஸ்ட். சந்திரன், கமிட்டிப் பெரியவர்கள் மூவர், டீம். கொழுந்துப் பெண்கள் தராசிலிருந்து அப்படியே வந்துவிட்டார்கள், இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு. சந்திரன் செக்ரோல் பிரதியை விரல் வைத்துக் கூட்டினான்.

"ஒம்பதரை."

தெரிந்த கணக்குத்தான். ஆனாலும் கேட்டேன்.

"அரைப் பேருக்காக விடுவியாடா? நாளைக்குச் சனிக்கிழமையும் வாரேன்."

"லிஸ்ட் இன்னைக்கு. நான் என்ன செய்ய? ஒனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பான். முட்டி வேற போச்சு. வீட்டுல இரு அந்தோணி."

வீட்டில் இரு. முட்டியைப் பார்த்துக்கொள். எல்லோருக்கும் என் முட்டிமேல்தான் எவ்வளவு பாசம்! வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அதற்குள் மேரி முன்னால் வந்துவிட்டாள்.

"அண்ணே, ஒரு கேள்வி. கிலோ கொறஞ்சா எங்களுக்கு என்ன போடுறாங்க?"

"அரைப் பேரு."

"ஒண்ணுமே இல்லன்னா சொல்றாங்க?"

"இல்ல..."

"தோட்டமே அரைக்கு அரை குடுக்குது. நீங்க மட்டும் அரை கொறஞ்சா முழுசையும் புடுங்குவீங்களா? அரைப் பேரு கொறையுது, அரை மேட்ச் கொறைங்க. மிச்ச அரைய அவரு ஆடட்டும்."

சந்திரன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் ஆயுள் முழுக்க அந்த அரையை வாங்கியவர்கள். ராஜேஸ்வரி அக்கா, "எங்க அந்தோணி அக்கா ஆடலன்னா ஹட்டனுக்கு ஒரு பொம்பள வரமாட்டா. கத்துறதுக்கு ஆளு தேடிக்கங்க!"

எழுதினான். சந்திரன் கையாலேயே: 8, அந்தோணி, இரண்டாம் பாதி மட்டும்.

ஏப்ரல் 5, சனி

தேவையில்லை, ஆனாலும் மலைக்குப் போனேன். மேரிக்கு வலது மணிக்கட்டு வீக்கம், வழக்கத்தில் பாதிதான் எடுத்தாள். தராசுக்கு முன் என் சாக்கிலிருந்து அவள் சாக்கில் நான்கு கிலோ போட்டேன். வேண்டாமென்று சொல்லவில்லை. அவள் கெட்டிக்காரி.

பூட்ஸ் துடைத்தேன். அதே கடைப் பையில் வைத்தேன். வேறு பை இல்லாமலில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் பூசை, பிறகு பஸ். வளைவுக்கு வளைவு பாட்டு. ஹட்டனில் வெயில், மைதானம் முழுக்க ஆள். எதிர் அணி கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம், எல்லாம் இருபது இருபத்தொரு வயது, ஆட்டுக்குட்டிகள் மாதிரித் துள்ளல்.

முதல் பாதி வாங்கில் உட்கார்ந்தேன். என் இடத்தில் ஆடியவன் பந்து வருமுன் தலையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. 0–2. நகம் கடித்ததில் கொழுந்துக் கறை வாயில் கசந்தது.

இரண்டாம் பாதி. இறங்கினேன். நாற்பது பெண்கள் ஒரே குரலில் "அந்தோணி அக்கா!" எதிர் அணிக் கேப்டனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஓட்டத்தில் அவர்களைப் பிடிக்க முடியாது. ஓடவில்லை. பார்த்தேன். பந்து வருமுன் அடுத்து எங்கே போகணும் என்று பார்த்தேன், கால் தானாகச் செய்தது. இருபதாவது நிமிஷம் இரண்டு பேருக்கு நடுவே ஒரு பாஸ், எங்கள் ஒன்பதாம் நம்பர் கோல். 1–2.

கடைசிப் பத்து நிமிஷம் முட்டி பிடித்தது. சந்திரன் கோட்டோரம் நின்று, வா, வா என்று கை காட்டினான். நானும் கை காட்டினேன், முடியாது என்று. எனக்குக் கொடுத்ததே அரை. அதில் ஒரு நிமிஷம் தர மாட்டேன். நொண்டியே முடித்தேன்.

1–2. கோப்பை கொட்டகலைக்கு.

சந்திரன் வந்தான், தரையைப் பார்த்துக்கொண்டு. "முழுசா ஆடியிருந்தா..." முடிக்கவில்லை. நான் முடித்தேன். "முதல் பாதி ஒன்னோடது, 0–2. ரெண்டாம் பாதி என்னோடது, 1–0. என் மேட்ச நான் ஜெயிச்சாச்சு."

பஸ்ஸில் போன் பார்த்தேன். வே.கா.வை நேற்று எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் இறக்கியிருக்கிறார்கள். இரண்டே நிமிஷம்! எனக்கு நாற்பத்தைந்து. அடுத்த சீசனுக்கு வேறு கிளப் தேடுகிறானாம், நிறுத்தப் போவதில்லையாம்.

மேரி முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தாள். "அப்ப, இன்னையோட நிறுத்தியாச்சா?" தூக்கம் வந்ததுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

தூறல். முட்டி பூசணிக்காய். பெரட்டு ஆறரை. நொண்டிக்கொண்டே போய் வரிசையில் நின்றேன், மேரிக்குப் பின்னால்.

மாரிமுத்து கங்காணி பென்சிலை எடுத்தவர் நிறுத்தினார். "இன்னும் என்னடா? மேட்சுதான் முடிஞ்சிருச்சே."

"அடுத்த வருஷ மேட்சுக்குங்க. இன்னையிலேர்ந்து எண்ணிக்கங்க."