நர்ஸம்மா கேட்ட கேள்வி

செவ்வாய், ராத்திரி.

அப்பாவுக்கு இனி வைத்தியம் இல்லைன்னு டாக்டர் கைவிரிச்சிட்டார். கடைசிக் காலத்துல வச்சுப் பாத்துக்கிற இல்லம் ஒண்ணு திண்டிவனத்துல இருக்குன்னு இன்னைக்குப் போய்ப் பார்த்தேன். கட்டில், கக்கூஸ், சமையக்கட்டுன்னு எல்லாத்துலயும் குறை சொன்னேன். "ராத்திரி டூட்டி ஆளுங்க தூங்காம பாத்துப்பாங்களா?"ன்னு அதட்டலாவே கேட்டேன்.

நர்ஸம்மா பொறுமையா பதில் சொல்லிட்டு, "அப்பாவுக்கு வலி எப்பம்மா ஜாஸ்தியாவுது?"ன்னாங்க. எனக்குத் தெரியல. சாயங்காலம்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதை நம்பி நோட்டுல எழுதிக்கினாங்க.

விழுப்புரம் திரும்பினதும் அப்பாவையே கேட்டேன்.

"ராத்திரிதாம்மா. நீ அசந்து தூங்கிக்கினு இருப்ப. எழுப்ப வேணாம்னு போர்வைய கடிச்சிக்கினு கெடப்பேன்."

நான் படுக்கிறது பக்கத்துக் கட்டில்லதான். போன வாரம் அந்தப் போர்வை ஓரம் பிஞ்சிருந்ததைப் பார்த்துட்டு எலி மருந்து வாங்கி வச்சேன்.