ஈரத் தழை போட்டது நீங்கள் இல்லை

என் அண்ணிக்கு,

இந்த வருடமும் மழை பொய்க்கவில்லை. உங்கள் மல்பெரி இடுப்புயரம் நிற்கிறது. மலையேறும் பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் அதைத்தான் பார்த்தேன். நீங்கள் போய் இரண்டு வருடம்.

ஜப்பானியப் பட்டின் வரலாற்றைப் படிக்கப் பல்கலைக்கழகம் போகிறேன் என்றபோது சிரித்தீர்கள். "புழு இங்க கீது, படிப்பு அங்கயா?"

விடுமுறையில் வந்து, படித்ததைச் சொன்னேன். அங்கே மாடி முழுவதையும் புழுவுக்கு விட்டுவிட்டு மனிதர்கள் மூலையில் படுத்தார்கள். குளிரில் புழுவுக்காகத் தீ மூட்டினார்கள். பெரும்பாலும் பெண்களின் வேலை. புழுவின் பெயரோடு மரியாதைச் சொல் சேர்த்தே கூப்பிட்டார்கள்.

"இன்னா நாத்தனாரே, புழுவுக்கு மரியாதையா? உங்க அண்ணனுக்கே நான் போடறதில்ல."

மறுநாள் புழு வளர்க்கும் ஷெட்டில் உங்கள் குரல். "நல்லா சாப்புடுங்க. வெக்கப்படாதீங்க." இந்த வெள்ளைக்கூட்டுப் புழுவின் பூர்வீகத்தில் ஜப்பானும் உண்டு என்று சொல்லியிருந்தேன். "அப்ப விருந்தாளிங்கதான?" என்றீர்கள்.

புழுக்கள் கடைசித் தோலை உரித்திருந்த வாரம். அந்தி. ஷெட்டை ஒட்டிய அறையில் நான் படித்துக்கொண்டிருந்தேன். கொசு. பையிலிருந்த கொசுவத்தியை ஏற்றினேன். நடுச்சுவர் கூரைவரை போகாது என்று எனக்குத் தெரியும். அந்தப் புகை புழுவைக் கொல்லும் என்று நீங்கள் முதல் நாளே சொல்லியிருந்தீர்கள். மறந்தேன். புத்தகத்தில் ஜப்பானியர் தீ மூட்டிய பக்கத்தில் இருந்தேன்.

விடிந்தபோது புழுக்கள் தலையை ஆட்டிக்கொண்டு பச்சையாகக் கக்கின. மதியத்துக்குள் தட்டுகளில் அசைவில்லை.

தழை ஈரமாக இருந்தாலும் புழு சாகும். அண்ணன் உங்களைத்தான் கேட்டார். "ஈரத் தழ போட்டியா?"

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "மழத்தண்ணி வடியல போல" என்றீர்கள்.

கொசுவத்தியைப் பற்றி நான் சொல்லவில்லை.

அறைக்குத் திரும்பினேன். கொசுவத்திச் சாம்பல் இல்லை. தரை கூட்டியிருந்தது. எப்போது கூட்டினீர்கள், அண்ணி?

அதன்பின் அண்ணன் ஷெட் சாவியை உங்களிடம் தரவில்லை. நீங்கள் சாமைக் கொல்லையில் களையெடுக்கப் போனீர்கள். நான் பல்கலைக்கழகம் திரும்பி, ஆலைகளில் இருமிக்கொண்டே பட்டு நூலெடுத்த ஜப்பானியப் பெண்களைப் பற்றி எழுதினேன். அந்த நூலை விற்று ஒரு நாடு இயந்திரங்கள் வாங்கியது. பிறகு நைலான் வந்தது. மல்பெரித் தோட்டங்களை அழித்தார்கள். அந்தப் பெண்களில் பலருக்குப் பெயர்கூட எஞ்சவில்லை என்று வருந்தி ஓர் அத்தியாயம். பாராட்டினார்கள்.

உங்களுக்குக் காய்ச்சல் முற்றியபோது, சொல்லிவிடத்தான் வந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எழுதி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் அண்ணி."

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

நேற்று ஷெட்டில் ஒரு புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்தாள். அண்ணன் அவளிடம் சொன்னார்: "தழய நல்லா ஒதறிப் போடும்மா. எம் பொண்டாட்டி ஒருதரம் ஈரத்தோட போட்டு மொத்தத்தையும் கொன்னுட்டா."

சொல்லிவிட்டேன். அவள் முன்னாலேயே. கொசுவத்தி, நடுச்சுவர், கூட்டியிருந்த தரை.

அண்ணன் தழையை உதறிக்கொண்டே இருந்தார். ஈரமில்லாத தழைதான். பிறகு கேட்டார்.

"உங்க அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சாவிய ஒருநாளும் கேக்கலியே அவ."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

இன்று காலை சாவி உங்கள் பழைய ஆணியில் தொங்கியது. புழுக்கள் இரண்டாம் தோலை உரித்துவிட்டன. அவை கூடு கட்டும்வரை இங்கேயே இருப்பேன். உங்களைப் போலவே "சாப்புடுங்க" என்று சொல்லித்தான் தழை போடுவேன். இந்த மலையில் யார் அந்த ஈரத் தழையைப் பற்றிப் பேசினாலும், அங்கேயே நிறுத்தி, என் பெயரைச் சொல்வேன்.

நீங்கள் கூட்டி மறைத்ததைத் திரும்பக் கொட்டிவிட்ட,
உங்கள் நாத்தனார்