அண்ணியின் கழுத்தில் ஆறு மில்லிமீட்டர்

9.1.2014
கத்தாரிலிருந்து அண்ணன் மகன் கிளாட்சன் அவன் அம்மாவுக்குத் தஞ்சாவூரில் முழு உடம்புப் பரிசோதனைக்குப் பேர் பதிந்துவிட்டான். கூட்டிப்போக என்னை விட்டால் திருத்துறைப்பூண்டியில் ஆள் ஏது? அண்ணி பாத்திமா மேரி, "எனக்கு என்ன நோவு? அறுவடை மெஷின் வர்ற நேரத்துல" என்றார்கள். அண்ணன் போனபிறகு ஒன்பது மா நிலத்தையும் ஒரு தலைவலி இல்லாமல் பார்க்கிற மனுஷி. நான் விடவில்லை.

11.1.2014
ஆஸ்பத்திரி வாட்ச்மேன் என் நடையைப் பார்த்தே எழுந்து நின்றான். ஒரு நர்ஸ் என்னை டாக்டர் என்று நினைத்தாள், நானும் மறுக்கவில்லை. அண்ணிக்குக் கழுத்து ஸ்கேனில் சின்னக் கட்டி. ஆறு மில்லிமீட்டராம். ஊசி குத்தித் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

20.1.2014
தைராய்டு கேன்சராம்.
கிளாட்சனுக்குப் போனில் சொன்னேன். சும்மா சொன்னால் எடுபடுமா? "எலுமிச்சங்காய் அளவு, தம்பி. நான் இழுத்துட்டுப் போகலைன்னா மூணே மாசம்" என்றேன். பையன் அழுதுவிட்டான்.

24.1.2014
சர்ஜன் சின்ன வயசுக்காரர். "ஆபரேஷன் பண்ணலாம். பண்ணாம, ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஸ்கேன் பார்த்துக்கிட்டும் இருக்கலாம். இவ்வளவு சின்னது நிறைய பேருக்குக் கடைசிவரைக்கும் ஒண்ணும் செய்யறதில்லை. உத்தரவாதம் தரமுடியாது. எடுத்துட்டா ஆயுசுக்கும் மாத்திரை. சிலருக்குக் குரல் கம்மும்."
அண்ணி சொன்னார்கள்: "பார்த்துக்கிட்டே இருப்போம் சார். தஞ்சாவூர் வந்து புடவை எடுத்த மாதிரியும் இருக்கும்."
பஸ்ஸில் நன்றாகத் தூங்கினார்கள். நான்தான் தூங்கவில்லை.

25.1.2014
கிளாட்சன் டிக்கெட் போட்டுவிட்டானாம். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கச் சொல்கிறான். எலுமிச்சங்காய் நான் சேர்த்தது என்று உண்மையைச் சொன்னேன். "தெரியும் சித்தப்பா, நான் பயப்படக் கூடாதுன்னு இப்பக் குறைச்சுச் சொல்றீங்க" என்கிறான். சத்தியம் செய்தேன். "நீங்க எதுக்குத்தான் சத்தியம் பண்ணலை?" என்றான்.
ஏன்டா ரெமிஜியஸ் — உனக்கு வாய் ஒரு கேடா?

2.2.2014
வந்துவிட்டான். ரிப்போர்ட்டில் ஆறு என்று போட்டிருந்ததை விரல் வைத்துக் காட்டினேன். "ஆறோ அறுபதோ, கேன்சர்னுதானே போட்டிருக்கு" என்றான். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். காதில் ஏறவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இதை வச்சுக்கிட்டு நீ இங்க இருந்தா, எனக்கு அங்க தூக்கம் வராதும்மா" என்றான்.
அண்ணி கொஞ்சநேரம் அவன் தலையைக் கோதினார்கள். "சரி, நீ தூங்கணும்ல."

9.2.2014
ஆபரேஷன் முடிந்தது.

16.3.2014
பூசை முடிந்ததும் ஃபாதர் எல்லார் முன்னாலும் சொன்னார், ரெமிஜியஸ் ஒரு உயிரைக் காப்பாற்றினார் என்று. கை தட்டினார்கள். இப்படி ஒரு கைதட்டலுக்கு முப்பது வருஷமாய் அலைந்தவன் நான். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். ஒருவேளை நிஜமாகவே காப்பாற்றியிருக்கலாம். அறுத்தாகிவிட்டது, இனி யாருக்குத் தெரியும்?

14.10.2014
சம்பா நடவு. பக்கத்து வீட்டுத் தர்மாம்பாள் வந்து, "என்னையும் அந்த ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றாள்.
"உடம்புக்கு ஏதாவது செய்யுதாம்மா?"
"ஒண்ணுமில்லை."
"அப்ப முதல்ல நம்ம டாக்டர்கிட்ட, தேவையான்னு கேளு."
"உங்க அண்ணின்னா மட்டும் ஓடுவீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.
சாயங்காலம் அண்ணி வரப்பில் நின்று நடவாட்களைக் கூப்பிட்டார்கள். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது, யாரும் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பி, கம்மிய குரலில் விஷயத்தைச் சொன்னார்கள். நான் சேற்றில் இறங்கிப் போய், அவர்கள் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு வந்தேன்.