நாயைக் கட்டச் சொன்ன விருந்தாளி

கிணத்துக்கடவு,
புதன்கிழமை மத்தியானம்.

அன்புள்ள மெர்சிக்கு,

அந்தப் பச்சைப் பட்டன் நடுங்கிக்கொண்டே இருந்தது. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். டவுன்லோடு என்று எழுதிய பட்டன், பக்கத்தை மேலே தள்ளினாலும் கூடவே வந்தது, கீழே தள்ளினாலும் கூடவே வந்தது. சந்தையில் கையைப் பிடித்து இழுத்துக் காய் விற்பவர் போல. நல்ல சரக்குக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று தோன்றியது.

நீ நலமா? ஹாஸ்டல் சாப்பாடு பழகிவிட்டதா? போனில் நீ கேட்டால் எனக்கு 'ம்' என்பதைத் தவிர எதுவும் வராது. அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் பிரவீனா அக்காவின் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில்தான் இருக்கிறேன் அல்லவா? போன வாரம் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரிப்பேர் பார்க்கும் சபரீஷ் அண்ணன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அக்கா வருஷக்கணக்காக வரைந்த டிசைன்கள் அதே கம்ப்யூட்டரில் வேறு டிரைவில் இருந்ததால் தப்பித்தன. ஆனால் டிசைனை மெஷினுக்கு அனுப்பும் சாப்ட்வேர் போய்விட்டது. அதன் சிடியைத் தேடினோம். நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில் வெறும் உறைதான் கிடைத்தது. மெஷின் நிற்கிறது. வேங்கடசாமி ஐயா வீட்டுக் கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைகள் மடித்தபடியே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சீர்.

தேடியதில் அதே சாப்ட்வேரைச் சும்மா தரும் ஒரு இணையதளம் வந்தது. திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பாகி, இது ஆபத்தான தளம், திரும்பிப் போங்கள் என்றது. அக்கா சபரீஷ் அண்ணனுக்குப் போன் போட்டார். அது கெடக்குதுங்கக்கா, நம்ம கோயில் கமிட்டி வெப்சைட்டையே ஒருக்கா அப்படித்தான் சொல்லுச்சு, கீழே சின்ன எழுத்து இருக்கும், அதை அமுக்கிப்போட்டு உள்ளே போங்க என்றார். அக்கா என் பக்கம் திரும்பி, நாள் முழுக்க இதுக்கு முன்னால உக்கார்றது நீதானே கண்ணு, நீயே சொல்லு, போலாமா வேண்டாமா என்றார். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை, மெர்சி.

கோயில் பக்கத்தையே சிவப்பாகக் காட்டியது என்றால் சிவப்பும் சில நேரம் தப்பாகலாம். அதை மட்டும் நம்பி வேண்டாம் என்று சொல்ல முடியாது. சபரீஷ் அண்ணனை மட்டும் நம்பிச் சரி என்றும் சொல்ல முடியாது. பட்டில் ஊசி இறங்குவதற்கு முன்னால் நாங்கள் வேஸ்ட் துணியில் ஒரு பூப் போட்டுப் பார்ப்போம். கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதுதான் பட்டு. என் பழைய போனை வேஸ்ட் துணி ஆக்கினேன். உன் போட்டோக்கள் இருந்த மெமரி கார்டை முதலில் கழற்றி வைத்துவிட்டு, சின்ன எழுத்தை அமுக்கி, எதையும் இறக்காமல் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். முதலில் சொன்ன பச்சைப் பட்டன் அங்கேதான் நடுங்கியது.

ஜாதகம் கணிக்கும் சாப்ட்வேர், பில் போடுவது, சண்டை விளையாட்டு எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடந்தன. நடத்துகிறவர் யார், எந்த ஊர், ஒன்றும் இல்லை. கடைசியில் இங்கிலீஷில் ஒரு வரி. எழுத்துக்கூட்டிப் படித்தேன். இதைப் போடுவதற்கு முன் வைரஸ் தடுப்பை அணைத்துவிடுங்கள் என்று இருந்தது.

நம் பக்கம் புது ஆள் வந்தால் வாசலிலேயே நின்று, ஏனுங்க, ஊட்டுல யாருங்க என்று கூப்பிடுவார். நாய் குரைக்கும். யார் என்று பார்த்த பிறகுதான் நாயை அதட்டுவோம். முதலில் நாயைக் கட்டுங்க, நான் யாருன்னு கேக்காதீங்க என்று ஒருவர் சொன்னால் உள்ளே விடுவோமா? இதை அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். வேண்டாங்கக்கா, உங்க டிசைன் எல்லாம் போயிரும் என்றும் சொன்னேன்.

அக்கா சிரித்துவிட்டார். வாயே தெறக்காத புள்ள, தெறந்தா நாயை அவுத்து உடறயே அம்மணி என்றார். பிறகு சிரிப்பு நின்றது. அப்ப இத்தனை ரவிக்கைக்கும் நீயே கையில பூப் போட்டுக் குடுக்கறயா என்று கேட்டார். மெஷினின் பின்பக்கத் தகட்டில், அதை விற்ற கோயமுத்தூர் கடையின் நம்பர் இருப்பதை மட்டும் காட்டினேன். அக்காவுக்கும் அவர்களுக்கும் பழைய சண்டை. என் குரலைக் கேட்டாலே போனை வெச்சுப்போடுவாங்க, வேண்டாம்னு சொன்னவ நீதானே, நீயே பேசு என்று சொல்லிவிட்டு, இன்னும் ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லி வேங்கடசாமி ஐயா வீட்டுக்குக் கிளம்பினார்.

இப்போது கடையில் நான் மட்டும். அவர்களிடமும் அந்த சாப்ட்வேர் இல்லையென்றால் ஆர்டர் போய்விடும். அது என் ஒரு வார்த்தையால் போனதாக ஆகும். அப்புறம் அக்கா என்னை எதுவும் கேட்க மாட்டார்.

நீ நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு. எனக்காக ஒரு வரி ஜெபம் பண்ணு. மெஷினுக்காக வேண்டாம், என் குரலுக்காக.

உன் பிரியமுள்ள,
லோகப்பிரியா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் கூப்பிட்டேன். ஒருவர் எடுத்து, யாருங்க என்றார். நான் கட் செய்யவில்லை. ஏனுங்க, கிணத்துக்கடவுல பிரவீனா எம்பிராய்டரியில இருந்து லோகப்பிரியா பேசறனுங்க என்றேன்.