லேக்கர் அடித்த ஜாடி

2024 பிப்ரவரி 4, ஞாயிறு

மேல்விஷாரம் போய் வந்தேன். மக்பூல் பாய் தன் பழைய சாமான் கடையில் எனக்கென்று ஒரு டம்ளர் எடுத்து வைத்திருந்தார். இடிக்கப்போகிற ஏதோ தோல் முதலாளி வீட்டில் கிடைத்ததாம். வெளிச்சத்தில் பிடித்தால் ஆரஞ்சு. சாய்த்தால் ஊதா, பச்சை, தேங்கிய மழைத்தண்ணீரில் டீசல் சிந்தின மாதிரி. அடி வளையத்தில் பொடிப்பொடியாகக் கீறல். எத்தனையோ வருஷம் மேசையில் இழுபட்ட தேய்மானம். அதைப் பொய்யாகச் செய்வது கஷ்டம். இப்படி வானவில் மினுங்கும் பழைய கண்ணாடிச் சாமான்களில் எனக்கு இது பதினேழாவது.

"இன்னாம்மா அமிர்தவள்ளி, சீர் சாமான் சேக்கற மாதிரி சேக்கற?" என்றார் பாய். நாற்பத்து மூன்று வயதில், தனியாக இருப்பவளுக்கு, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 18

பழைய கண்ணாடி வாங்கி விற்கிற காட்பாடி ஜீவா, மக்பூல் பாயின் கடையில் விற்கக் கொடுத்திருந்த மீன் உருவம் போட்ட ஜாடியைப் பார்த்தேன். 'நூறு வருஷப் பழசு' என்று கண்ணாடி சேர்ப்பவர்களான எங்கள் வாட்ஸப் குழுவிலும் போட்டிருந்தான். அடியில் ஒரு கீறல் இல்லை. மோந்து பார்த்தேன். ஆம்பூரில் இருபது வருஷமாக ஃபினிஷிங் செக்‌ஷனில் தோல் பார்க்கிறவள் நான். ஷூ தோல் மினுங்க அடிக்கிற லேக்கர் வாசனை எனக்குத் தெரியாதா? நகத்தால் சுரண்டினேன். வானவில் பூச்சு சுருண்டு வந்தது.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன்: 'புதுக் கண்ணாடி. ஸ்ப்ரே அடித்தது. யாரும் வாங்காதீர்கள்.' பதினோரு பேர் கைதட்டல் போட்டார்கள். சந்தோஷமாக இருந்தது. ரொம்பவே.

பிப்ரவரி 19

இடது கையால் எழுதுகிறேன்.

வேலை விட்டு வந்து கதவைத் திறந்தேன், பின்னாலேயே நுழைஞ்சிட்டான் ஜீவா. முடியைப் பிடித்து என்னை அலமாரியில் மோதினான். "உன்னால பெங்களூர் பார்ட்டி ஓடிட்டான்டி. வாய மூடிகினு இருக்க மாட்ட?" என் வலது கையை அலமாரிக் கதவிடுக்கில் வைத்து அறைந்து சாத்தினான். ரெண்டு தடவ. அப்புறம் கண்ணாடிகளை ஒண்ணொண்ணா எடுத்துத் தரையில அடிச்சான். அவசரமே இல்ல அவனுக்கு. நான் எண்ணிக்கினே இருந்தேன். பதினேழு வரைக்கும். ஏன் எண்ணினேன்? ஏன் கத்தல?

பிப்ரவரி 20

இரண்டு விரல் முறிவு. ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்டவர் கேட்டார்: "டம்ளருக்கா இவ்ளோ ரகள?"

மார்ச் 3

ஜாடி தன் கடைக்கு எப்படி வந்தது என்று சாட்சி சொல்ல பாய் ஒப்புக்கொண்டார். அதைப் பேசத்தான் அவர் கடைக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே ஜீவா இரும்புக் குழாயோடு வந்தான். முதல் அடி பாயின் தோளில். அடுத்தது கண்ணுக்கு மேலே. நாற்காலியோடு சரிந்தார்.

மேசையில் கனத்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருந்தது. இடது கையால் தூக்கி ஜீவா முகத்தில் அடித்தேன். உடைந்தது. கையில் மிஞ்சிய துண்டால் மறுபடி. கன்னம் பிளந்து பல் தெரிந்தது. அவன் விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து என்னைத்தான் பிடித்து இழுத்தார்கள்.

மார்ச் 4

கழுவிக் கழுவிப் பார்க்கிறேன், நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை. இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது — நல்லா இருந்துச்சு. அடிக்கும்போது நல்லா இருந்துச்சு.

மார்ச் 9

பாய் பிழைத்துக்கொண்டார். இடது கண் போய்விட்டது.

இரண்டு பக்கமும் வழக்கு. எனக்கு ஜாமீன் கிடைத்தது, ஜீவா உள்ளே. ஜீவாவின் வக்கீல் ஆள் அனுப்பினார்: ஜாடி அசல்தான் என்று நான் குழுவில் எழுதிவிட்டால் சமாதானமாகப் போகலாமாம். நாலு வரி எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் பாயிடம் கேட்டேன்.

"எழுதினா எழுதும்மா. ஒன் இஷ்டம்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுதவில்லை.

மார்ச் 17

ஜீவாவின் மனைவி ஜோதி வந்தாள். யாரென்று தெரிந்ததும் அரிவாள்மனையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். அவள் அதைப் பார்த்தாள், நகரவில்லை. முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள். உள்ளங்கை தொடங்கி முழங்கை வரை வெந்து கிடந்தது. ஓரத்தில் சீழ்.

"அந்த ஜாடிக்கு லேக்கர் அடிச்சது நாந்தான்க்கா. தோல் டேனரில கத்துகினு வந்து எனக்குக் கத்துக் குடுத்தாரு. சரியா காய வெக்கல, அதான் நகத்துல வந்துச்சுன்னு, ஜாடி காய வெக்கிற சூட்டுத் தட்டுல கைய வெச்சி அமுக்கினாரு. நீங்க குரூப்புல போட்ட அன்னிக்கு."

அந்த நேரம் நான் கைதட்டலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சண்டைக்கு வரலக்கா. நாளைக்கு ஜாமீன்ல வர்றாரு. எங்க போறதுன்னு தெரியல. அவர அடிச்ச ஒரே ஆளு நீங்கதான்."

"உள்ள வா," என்றேன். அரிவாள்மனையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

2025 ஜூலை 8

அன்றிலிருந்து என்னோடேயே தங்கிவிட்ட ஜோதி இன்று கோர்ட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்ப்ரே, சூட்டுத் தட்டு, தேதி. ஜீவா தையல் தழும்பு ஓடிய கன்னத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிறுத்தவில்லை. அவன் வக்கீல் என்னிடம், "கீழ விழுந்த அப்புறமும் அடிச்சீங்களா?" என்றார். அடித்தேன் என்றேன். எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் தண்டனை வரலாமாம். வரட்டும்.

பஸ்ஸில் ஜோதி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஆம்பூர் வந்ததும் எழுப்பத் தொட்டேன். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு விழித்தாள்.

"நாந்தான் ஜோதி."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கையை இறக்கினாள்.